தமிழ்க் கணக்கில் கலப்புப் பின்னம்

முழு எண்ணும் அதன் கூறும் ஒருங்கு நிற்கும் எண்ணைக் கலப்புப் பின்னம் என இக்காலப் பள்ளிக் கணக்கு நூல்கள் வழங்கும். மூன்றே முக்கால் என்பது அவ்வகையது. அதனைப் பெருக்கவோ வகுக்கவோ வேண்டின், முழு எண்ணாகிய 3ஐப் பகுதியாகிய 4ஆல் பெருக்கித் தொகுதியாகிய 3ஐக் கூட்டி, 15/4 என ஆக்கிக்கொள்ளுதல் இன்று மாணாக்கர் பயிலும் முறை. அங்ஙனம் ஆக்கப்பெற்றது தகா பின்னம் எனப்படும். ஆங்கிலப் பள்ளிக் கணக்குப் பரவுவதற்கு முன்னர், தமிழ்நாட்டு ஊர்க்கணக்கரும் திண்ணைப்பள்ளி ஆசிரியரும் இம்மாற்றத்தைச் செய்தனரா, செய்திலராயின் தம் கணக்கினை எங்ஙனம் முடித்தனர் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

இவ்வாராய்ச்சிக்குச் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தை நிலைக்களமாகக் கொள்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. வெள்ளாற்றின் குறுக்கே அணைக்கட்டு அமைந்த இவ்வூருக்குத் தெற்கே, முதற் பராந்தக சோழனின் (907–955) வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரால் வழங்கும் வீராணம் ஏரி பரந்து கிடக்கின்றது. வடபால், 1956இல் தொடங்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் நெய்வேலி நகரியம் உளது. ஏரிப் பாசன நிலத்தை மாவாலும் காணியாலும் குழியாலும் பேசுவது ஒரு வழக்கு. அளவைத் துறையும் நிலம் எடுப்போரும் ஏக்கர், சென்ட், ஹெக்டேர் என எழுதுவது மற்றொரு வழக்கு. இரண்டும் ஒரே நிலத்தின்மேல் நிற்கின்றன. ஆகலின் பழைய எண்முறையும் புதிய எண்முறையும் எங்கே ஒன்றி எங்கே பிரிகின்றன என்பதனை இவ்வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம்.

பன்னீரடிக் கோல் வழங்கும் இடத்துக் குழி என்பது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. நான்கு மா ஒரு காணி. ஐந்து காணி, அஃதாவது இருபது மா, ஒரு வேலி. ஒன்றே முக்கால் காணி நிலம் எத்தனை மா என்று வினவின், ஏழு மா என்பது விடை. இவ்விடை கூறுவோன் செய்தது யாது? ஒன்றை நான்கால் பெருக்கி மூன்றைக் கூட்டினான். நாலில் ஏழு என்னும் தகா பின்னமே ஏழு மா என்னும் பெயரில் நிற்கின்றது. வேறுபாடு ஒன்றே. புதிய முறையில் பகுதி என்பது தனியோர் எண்ணாகக் கோட்டின்கீழ் எழுதப்படும். பழைய முறையில் அஃது அளவையின் பெயருக்குள் அடங்கிவிடும். தமிழ்க்கணக்கர் கலப்புப் பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றவில்லை; பேரலகினைச் சிற்றலகாக இறக்கினர். பெரும்பாலும் அந்த இறக்கமும் வேண்டப்படாமலே கணக்கு முடிந்தது. இதுவே நம் கருத்து. இதற்குரிய சான்றுகளை இனிக் காண்பாம்.

கலப்பெண்ணைச் சொல்லும் முறைக்குத் தமிழில் மிகப் பழைய இலக்கணம் உண்டு. தொல்காப்பிய எழுத்ததிகாரத் தொகைமரபில், அளவும் நிறையும் எண்ணும் குறித்த சொற்களின் முன், அவற்றுள் அடங்கிய சிற்றளவுச் சொற்கள் வந்து புணருங்கால் ஏ என்னும் சாரியை தோன்றும் என விதிக்கப்பட்டுளது. அதனை அடுத்த நூற்பா, அரை என்னும் சொல் வருமிடத்து அச்சாரியை பொருந்தாது என விலக்குகின்றது. இன்றும் நாம் ஒன்றே கால், ஒன்றே முக்கால் எனச் சாரியையோடும், ஒன்றரை, இரண்டரை எனச் சாரியையின்றியும் வழங்குகின்றோம். ஒன்றே அரை என்பார் இலர். படித்தவரும் படியாதவரும் ஒருங்கே பிழையின்றிப் போற்றும் இலக்கண விதிகளுள் இதுவும் ஒன்று என்னலாம். இதனால் ஆசிரியர் கணித விதி வகுத்தார் எனக் கொள்ளற்க; வகுத்தது புணர்ச்சி விதியே. ஆயினும், பேரளவும் அதன் உட்பட்ட சிற்றளவும் சேர்ந்து ஒரு தொடராகி நிற்றல் அக்காலத்தே நிலைத்த வழக்கு என்பது இதனாற் போதரும்.

இச்சாரியை ஓசை இனிமைக்கு மட்டும் வந்ததன்று. மூன்றே கால் என்பது மூன்றும் காலும் கூடியது. முக்கால் என்பது காலை மூன்றாற் பெருக்கியது. காலே அரைக்கால் என்பது 3/8. அரைக்கால் என்பது காலிற் பாதியாகிய 1/8. சாரியை வரின் கூட்டல், சாரியையின்றி ஒட்டின் பெருக்கல் எனப் பொதுவகையாற் கூறலாம். இக்காலக் கணிதக் குறியீட்டில் 3¼ என எழுதின் இடையிற் கூட்டற்குறி மறைந்து நிற்பதும், எழுத்துகளை அடுத்து எழுதின் பெருக்கற்குறி மறைந்து நிற்பதும் இளமாணாக்கரை மயக்குதல் ஆசிரியர் அனைவரும் அறிந்தது. தமிழ்ச் சொல்வழக்கில் அம்மயக்கத்திற்கு இடம் குறைவு.

விதிக்குப் புறனடையும் உண்டு. மாகாணி என்பது மாவும் காணியும் கூடியது: 1/20 உம் 1/80 உம் சேர 1/16 ஆகும். ஈண்டுக் கூட்டற்பொருள் இருந்தும் ஏகாரம் இல்லை. தொடர் ஒரு பெயராக இறுகியபின் சாரியை வீழ்ந்தது போலும். கல்வெட்டுக்களிலும் மாவும் காணியும் முந்திரிகையும் சாரியையின்றி அடுக்கி வருதல் உண்டு. பெரியது முன்னும் சிறியது பின்னுமாக இறங்குமுறையில் வருதலால் அங்கே கூட்டற்பொருள் விளங்கும்.

இனிப் பின்னங்களின் அமைப்பினைக் காண்பாம். முழு எண்களை மேல்வாயிலக்கம் என்றும், ஒன்றிற் குறைந்தவற்றைக் கீழ்வாயிலக்கம் என்றும் முன்னோர் வழங்கினர். கீழ்வாயில் இரு நிரல்கள் உள. ஒன்று பாதி பாதியாக இறங்குவது: அரை, கால், அரைக்கால், மாகாணி எனப்படும் வீசம். மற்றொன்று இருபதின் கூறாகிய மாவை முதலாகக் கொண்டது: நான்மா 1/5, மூன்றுமா 3/20, இருமா 1/10, ஒருமா 1/20, அரைமா 1/40. பதினாறும் இருபதும் ஒருங்கே அடங்கும் சிற்றெண் 80. அதன் கூறே காணி. காணியிற் கால் முந்திரி, 1/320. ஆகவே மேற்கூறிய பின்னங்கள் யாவும் முந்திரியால் மிச்சமின்றி அளக்கப்படும். கால் என்பது 80 முந்திரி, மாகாணி 20, மா 16, காணி 4. இன்றைய நூல்கள் பொதுப்பகுதி காண்டல் எனக் கூறும் செயலை, இவ்வெண்முறையை அமைத்தோர் ஒரே முறை, எல்லார்க்குமாக, முன்னரே செய்துவைத்தனர். கணக்குத் தோறும் பொதுப்பகுதி தேடும் உழைப்பு கணக்கர்க்கு இல்லையாயிற்று.

நிலவளவில் வழங்கும் காணியும் எண்முறைக் காணியும் வேறு என்பதனை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். நிலக்காணி நான்கு மா, வேலியின் ஐந்திலொன்று, ஏறத்தாழ 1 ஏக்கர் 32 சென்ட். எண்முறைக் காணியோ ஒன்றின் 80இல் ஒரு கூறு. வேலியின்மேல் வைப்பின் 25 குழியே ஆகும். ஒரு சொல் இரு பொருளில் வருதலாற் பழைய ஆவணம் படிப்போர் இடர்ப்படுதல் இயல்பு.

முந்திரிக்கும் கீழே செல்லவேண்டின், அம்முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, கீழ் என்னும் சொல்லை இட்டு, அரை, கால், மா, காணி என மீண்டும் அதே பெயர்களால் எண்ணிச் செல்வர். கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும். இம்முறையின் மிக விரிந்த ஆட்சியை முதலாம் இராசராசனின் (985–1014) தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். கோயிலுக்கு இறையிலியாகிய ஊர்கள் ஒவ்வொன்றற்கும் மொத்த நிலம் இவ்வளவு, அதனின் ஊர்நத்தமும் குளமும் வாய்க்காலும் சுடுகாடும் பிறவும் நீக்க எஞ்சியது இவ்வளவு, அதற்குரிய காணிக்கடன் நெல் இவ்வளவு என அவை கூறிச் செல்லும். வேலியின் 52,42,88,00,000இல் ஒரு கூறு வரை அக்காலத்தில் நிலம் கணக்கிடப்பட்டது என வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டுவர். இவ்வெண் தோன்றிய வழி எளிதிற் புலனாம். 320ஐ நான்கு முறை அடுக்கி ஐந்தாற் பெருக்கின் இத்தொகை வரும். ஒவ்வொரு படியிலும் 320ஆக நான்கு படி இறங்கிய பின்னரும் நான்மா என்னும் ஐந்திலொன்று நின்றது என்க.

இதனைக் கொண்டு சோழர் அத்துணை நுட்பமாக நிலத்தை அளந்தனர் என வியந்து எழுதுவோர் உளர். அவ்வியப்பிற்கு நாம் உடன்படுமாறில்லை. இன்றைய வேலியளவை வைத்து நோக்கின், மேற்கூறிய கூறு ஒரு சதுர மில்லிமீட்டரிற் பாதியளவே ஆகும். கடுகின் மேற்பரப்பிலும் சிறியதாகிய அதனை எக்கோல் கொண்டு அளப்பது? அளவுகோல் தந்த எண்ணன்று அது. பெருக்கலும் கழித்தலும் தந்த எண். வியக்கத்தக்கது பிறிதொன்று. கணக்கர் இடையில் யாதொன்றையும் தள்ளிவிடாமல், முழு வேலியினின்று கடைசிக் கீழ் வரை ஒரே கலப்பெண்ணாக எழுதினர். அதனைக் கழித்தலுக்கும் உட்படுத்தினர். ஒரே பகுதிமேல் யாவற்றையும் ஏற்றி எழுதியிருப்பின் ஒவ்வோர் ஊர்க்கும் பதினொரு இலக்க எண்கள் நேர்ந்திருக்கும். கலப்பெண்ணாகவே வைத்துக்கொண்டமையாற் கல்லில் எழுதவும் வாயாற் படிக்கவும் அஃது இசைந்தது.

கூட்டல் கழித்தல்கட்கு இஃது ஒக்கும். பெருக்கல் எங்ஙனம் நிகழ்ந்தது என்னும் வினா எழும். அதற்கு விடை எண்சுவடியில் உளது. திண்ணைப்பள்ளி மாணாக்கன் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பவற்றை மனப்பாடம் செய்தான். பொன்னிலக்கம் முந்திரியினின்று மேலேறும் எண்களையும், நெல்லிலக்கம் முகத்தலளவைகளையும், குழிமாற்று நிலப்பரப்பிற்கு வேண்டும் பெருக்கங்களையும் பயிற்றும். எண்சுவடியில் முழு எண்களின் வாய்பாடுகளோடு முக்கால், அரை, கால், மாகாணி முதலியவற்றின் வாய்பாடுகளும் உள. நினைவாற்றலையே கருவியாகக் கொண்ட இக்கல்வி, அவ்வவ்வூர் அளவைத் தொழிலோடு எவ்வாறு பின்னிக் கிடந்தது என்பதனைச் செந்தில் பாபு 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துப் பார்ப்பாம். மூன்றே முக்கால் மா நிலத்திற்கு, மாவுக்கு இரண்டரைக் கலம் வீதம் நெல் எவ்வளவு? புதிய முறையில் 15/4 ஐ 5/2 ஆற் பெருக்கி, 75/8 என்று கண்டு, மீண்டும் 9⅜ எனக் கலப்பெண்ணாக்கவேண்டும். முன்னும் பின்னும் இரு மாற்றங்கள். வாய்பாடு வல்லவனோ இவ்வாறு செல்வான்: மூன்றும் இரண்டும் பெருக்க ஆறு, மூன்றும் அரையும் பெருக்க ஒன்றரை, முக்காலும் இரண்டும் பெருக்க ஒன்றரை, முக்காலும் அரையும் பெருக்கக் காலே அரைக்கால், ஆகத் தொகை ஒன்பதே காலே அரைக்கால். கலம் ஒன்றுக்கு மூன்று தூணி, தூணி ஒன்றுக்கு நான்கு மரக்கால், மரக்கால் ஒன்றுக்கு எட்டு நாழி என்னும் நெல்லிலக்கம் அறிந்தமையால், அதனை ஒன்பது கலம் ஒரு தூணி நானாழி என அளந்து கொடுக்கவும் அவனால் இயலும். இதில் எவ்விடத்தும் தகா பின்னம் தோன்றவில்லை. மூன்றே முக்காலை முந்திரியாக இறக்கின் 1,200. இரண்டரையை இறக்கின் 800. பெருக்கின் 9,60,000 கீழ்முந்திரி. விடை பிழையன்று, ஆயின் இச்சிறு கணக்கிற்கு அத்துணைப் பேரெண் வேண்டா. ஆகவே இறக்கம் என்னும் கருவி இருந்தும், வேண்டுமிடத்து மட்டுமே அதனை எடுத்தனர் எனல் பொருந்தும்.

மூன்றின் கூறும் ஏழின் கூறும் வருமிடத்து இவ்வெண்முறை திணறும். 320ஐ மூன்றால் வகுப்பின் மிச்சம் உண்டு. எத்துணை முறை கீழ் சென்றாலும் அம்மிச்சம் தீராது. நெல்லிற்கு இக்குறை இல்லை. கலத்தில் மூன்று தூணி இருத்தலால் மூவர்க்குப் பகிர்தல் எளிது. பொன்னிற்கும் நிலத்திற்குமே இடர். இதற்குத் தீர்வு இம்மியில் உளது என்பது நம் துணிபு. காரி நாயனாரின் கணக்கதிகாரம் முதலியவற்றால் அறியப்படும் வாய்பாட்டின்படி, கீழ்முந்திரியை 21 கூறாக்கியது ஓர் இம்மி. 320இன் அடுக்கினை விடுத்து, திடீரென 21 என்னும் எண் புகுவானேன்? 21 என்பது மூன்றும் ஏழும் பெருக்கிய எண். மூன்றிலொன்று எனின் 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி, மிச்சம் இல்லை. ஏழிலொன்று எனின் 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. அதிலும் மிச்சம் இல்லை. இம்மியைப் பதினொன்றாக்கியது மும்மி. அதனாற் பதினொன்றின் கூறும் முடிவு பெறுகின்றது: 29 முந்திரி, 29 கீழ்முந்திரி, 1 இம்மி, 10 மும்மி. வேண்டுவோர் பெருக்கிப் பார்த்துக் கொள்க. இம்மி என்பது நுண்மைக்கு வைத்த வெறும் அணிச்சொல் என்று கருதியோர் இதனை நோக்குவாராக. மும்மிக்குக் கீழே நாகவிந்தம், தேர்த்துகள் என நீளும் பெயர்கள் தொழிற் கணக்கிற்கு உதவின என்று கொள்ளற்கு இடமில்லை. அவை எண்ணிப் பார்க்கும் இன்பத்திற்காக அமைந்தன போலும்.

வடமொழிக் கணித நூலார் சென்ற நெறி வேறு. பிரமகுப்தர் 628இல் இயற்றிய நூலிலும், கன்னட நாட்டில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீரரின் கணிதசாரசங்கிரகத்திலும், பாஸ்கரர் 1150இல் இயற்றிய லீலாவதியிலும் கலப்பெண்ணை ஒரே பின்னமாக்கும் விதி காணப்படும். முழு எண்ணைப் பகுதியாற் பெருக்கித் தொகுதியைக் கூட்டுதலாகிய இன்றைய முறையே அது. கூறு கூடி நிற்பதனைப் பாகானுபந்தம் என்றும், கூறு குறைந்து நிற்பதனைப் பாகாபவாகம் என்றும் அவர் பெயரிட்டனர். முழு எண் மேலும், தொகுதி அதன்கீழும், பகுதி அதற்கும் கீழுமாகக் கோடின்றி எழுதுவது அவர் வழக்கு. இடையிலிடும் கோடு அராபியர்வழிப் பரவி, பிபனாச்சி 1202இல் எழுதிய நூலால் ஐரோப்பாவில் வேரூன்றிற்று. எப்பகுதியும் வரலாம் என்னும் பொதுமையை ஏற்றுக்கொண்டோர்க்குப் பகுதியைத் தனியே எழுதுதல் இன்றியமையாதது. அதனை எழுதியபின் கலப்பெண்ணை ஒன்றாக்கும் விதியும் இன்றியமையாதது. தமிழ்க்கணக்கர்க்குப் பகுதிகள் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகலின் அவ்விதி வேண்டப்படவில்லை. பொதுமையில் வடநூன் முறையும் புதிய பள்ளி முறையும் விஞ்சி நிற்கின்றன என்பதனை மறுத்தல் இயலாது. பதின்மூன்றின் கூறு வரின் முந்திரியும் இம்மியும் கைவிடும். கோட்டின்கீழ் 13 என எழுதுவோர்க்கு ஓர் இடரும் இல்லை.

19ஆம் நூற்றாண்டில் அரசுப் பள்ளிகளும் சமயத்தார் பள்ளிகளும் புதிய கணக்கைப் பரப்பின. திண்ணைப்பள்ளிகள் மெல்லக் குறைந்தன. எனினும் ரூபாய்க்கு 16 அணா வழங்கியவரை மாகாணி வாய்பாடு அங்காடியில் வாழ்ந்தது. அணா என்பது ரூபாயில் மாகாணியே அன்றோ? 1957 ஏப்ரல் முதல் நாளில் ரூபாய் நூறு புதுக்காசாயிற்று. எடையும் அளவும் தசம முறைக்கு மாறின. பகுதி பத்தும் நூறுமாக வரையறுக்கப்பட்டபின் அன்றாட வாழ்வில் தகா பின்னமும் வேண்டாததாயிற்று. முந்திரியின் இடத்தில் சென்ட் அமர்ந்தது. வகையில் இரண்டும் ஒன்றே.

சொல்லாக்கம் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தமிழ்நாட்டு நூல்கள் தகு பின்னம், தகா பின்னம் என்கின்றன. ஈழத்து நூல்கள் முறைமைப் பின்னம், முறைமையில்லாப் பின்னம் என்கின்றன. இரண்டும் ஆங்கிலப் பெயரின் நிழல்கள். ஏழு மாவில் தகாதது யாது என மாணாக்கர் வினவின் ஆசிரியர் கூறும் விடை அரிது. இக்குறை ஆங்கிலத்திற்கும் உண்டு. ஆயினும் நாம் அதனைக் கடன் வாங்கியிருக்கவேண்டா.

பழைய எண்முறை வழக்கொழிந்தாலும் பழைய ஆவணங்கள் ஒழியவில்லை. கோயில் நிலக் கணக்கும் பாகப்பிரிவினை ஓலையும் இன்றும் படியெடுக்கப்படுகின்றன. அவற்றின் அளவை ஏக்கராக மாற்றி எழுதுவோர் பெரும்பாலும் முந்திரி வாய்பாடு அறியாதவர். வேலியின்மேற் காலே காணி என்பது 84 முந்திரி, 525 குழி, ஏறத்தாழ 1 ஏக்கர் 73 சென்ட். படியெடுப்போர் ஏகாரத்தை விட்டுக் கால் காணி என எழுதின், அது காணியிற் காலாகிய ஒரு முந்திரியாகும், 6¼ குழி, ஏறத்தாழ 2 சென்ட்.